தீவுக்கே போகாத தீவுக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஐ நோ வேர் ஐம் கோயிங்’ (1945) பார்த்தேன். கதாநாயகன் ரோஜர் லிவ்சி அந்தப் படத்துக்காக ஸ்காட்லாந்துக்குப் போகவே இல்லை என்கிறார்களே, உண்மையா? கோட்டை, கடற்கரை, படகு என்று எல்லா இடத்திலும் இருக்கிறாரே!

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மைதான். அப்போது லண்டனில் அவருக்கு மேடை நாடகம் இருந்தது. அதனால் முகம் தெரியும் காட்சிகளை எல்லாம் டென்ஹாம் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். ஸ்காட்லாந்தின் மல் தீவில் தூரத்தில் நடப்பவர் டூப். லிவ்சியின் நடையை அவருக்குப் பழக்கினார்கள். கில்ட் எனும் ஸ்காட்லாந்துப் பாவாடை பெரிய உதவி, தொலைவிலிருந்தும் ஆள் அடையாளம் சொல்லிவிடும். நாயகி வெண்டி ஹில்லர் நிஜமாகவே தீவுக்குப் போனவர்.

ஸ்டுடியோவில் பின்புரொஜெக்‌ஷன். தீவில் எடுத்த படத்தை ஒரு திரையின் பின்னாலிருந்து ஓட்டி, முன்னால் நடிகரை நிறுத்துவது. புரொஜெக்டர், கேமரா இரண்டின் ஷட்டரும் ஒரே கணத்தில் திறக்க வேண்டும், இல்லையென்றால் பின்னணி மினுங்கும். தீவில் கேமரா இருந்த உயரமும் சாய்வும் ஸ்டுடியோவில் மாறினால் அடிவானம் நடிகரோடு ஒட்டாது. திரையின் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரங்கள் மங்கியும் விழுவது இன்னொரு தொல்லை. டெக்னிகலர் எனும் வண்ணப்பட கேமரா கிடைக்காததால்தான் இயக்குநர்கள் பவலும் பிரெஸ்பர்கரும் வேறொரு படத்தைத் தள்ளிவைத்து இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வந்தார்கள். இந்த வித்தைக்கு அது நல்லதாகவே போயிற்று, கறுப்பு வெள்ளையில் ஒட்டு அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் ஏமாற்று பலிப்பதற்கு முதல் காரணம் திரைக்கதை என்பேன். படம் வெளியிலிருந்து வந்த நாயகி ஜோனின் பக்கம் நிற்கிறது. தீவுக்காரரை நாம் அவள் கண்ணால், எட்ட நின்று பார்க்கிறோம்; டூப்பை அங்கே வைப்பது உறுத்துவதில்லை.

படகில் அந்த வசதி இல்லை. பணக்கார மாப்பிள்ளை காத்திருக்கும் கிலோரன் தீவுக்குப் போயே தீர ஜோன் இளைஞன் கென்னிக்கு 20 பவுண்டு தருகிறாள். அவளுக்கு அது படகுக் கூலி, அவனுக்கோ படகில் பாதிப் பங்கு, அதை வைத்துக் கல்யாணம். (வெளியாள் வந்தால் ஊருக்கு என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.) அவர்களோடு நாயகனும் ஏற, நாயகனும் நாயகியும் ஒரே சின்னப் படகில். ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு இடையிலுள்ள கோரிவ்ரெக்கன் சுழலை பவலே கடலில் போய் எடுத்தார். கடலடிப் பாறை ஒன்று நீர்மட்டத்துக்கு 29 மீட்டர் கீழ்வரை உயர்ந்து நிற்க, ஓதநீர் அதில் மோதிச் சுழல்கிறது. அந்தக் கடலோடு ஸ்டுடியோத் தொட்டியையும் மாதிரிப் படகையும் ஒட்டினார்கள்.

மாதிரியில் தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும். படகை 16-இல் ஒரு பங்காகச் செய்தால், அலை கனமாகத் தெரிய கேமராவை நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 96 ஃபிரேமில் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினாலும் துளி மட்டும் சிறுக்காது. அடுத்த முறை பார்க்கும்போது படகை விட்டுவிட்டுத் தெறிக்கும் துளிகளைக் கவனியுங்கள்.