ஸ்கூல்ல முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற கேமரா: பாலிசி எழுதச் சொன்னா எங்க ஆரம்பிக்கிறது?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல அசிஸ்டென்ட் ஹெச்.எம்.மா இருக்கேன். முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற கேமரா வாங்கப்போறோம், அதுக்கு ஒரு பாலிசி எழுதுங்கன்னு கரஸ்பாண்டன்ட் சார் என்கிட்ட குடுத்துட்டார். சட்டப்படி பிரச்சனை ஏதும் வருமா?

பதில்: டீச்சர், கேமரா மாட்டுறதுக்கு முன்னாடியே கேட்டீங்க பாருங்க, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பாலிசியோட முதல் வரியிலயே ஒரு கேள்விக்குப் பதில் இருக்கணும்: பேர் கூப்பிட்டு ரெஜிஸ்டர்ல போடுறதுல என்ன குறை, அதை சரி பண்ண முகம்தான் வேணுமா? ஸ்வீடன்ல ஷெலெஃப்டியோங்கிற ஊர்ல ஒரு ஸ்கூல் 22 பிள்ளைங்களை வெச்சு மூணு வாரம் இதையே ட்ரை பண்ணிப் பார்த்தாங்க, பேரண்ட்ஸ் சம்மதமும் வாங்கித்தான் பண்ணாங்க, அப்படியும் 2019-ல 2 லட்சம் க்ரோனா அபராதம் விழுந்துச்சு. ஸ்கூலுக்குக் கட்டுப்பட்டவங்க குடுக்குற சம்மதம் மனசார குடுத்ததா ஆகாது, வருகையை அந்தரங்கத்துல இவ்ளோ நுழையாத வேற வழியில எடுக்கலாமேன்னு அந்த நாட்டு தரவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு. நம்ம ஊர்ல கரஸ்பாண்டன்ட் கேட்டா எந்த அப்பா அம்மா முடியாதுன்னு சொல்லுவாங்க, யோசிச்சுப் பாருங்க.

நம்ம சட்டத்துக்கு வருவோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்துச்சு, அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகள் அதுலேர்ந்து 18 மாசம் கழிச்சுதான், அதாவது 2027 மே-லதான் அமலுக்கு வரும். இதுல 18 வயசுக்குக் கீழ எல்லாருமே குழந்தைதான், ப்ளஸ் டூ பிள்ளைங்க பெரும்பாலும் இதுக்குள்ள வந்துருவாங்க. குழந்தையோட தரவை எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும், அதுவும் பெத்தவங்கதான் குடுத்தாங்கன்னு சரிபார்க்கக்கூடிய சம்மதமா இருக்கணும். ஸ்கூலுக்கு ஒரு விலக்கு இருக்கு, படிப்பு சம்பந்தமாவும் பிள்ளைங்க பாதுகாப்புக்காகவும் கண்காணிச்சா சம்மதம் தேவையில்ல. கேமரா விக்கிறவங்க இதைக் காட்டி கையெழுத்தெல்லாம் எதுக்கு சார்னு சொல்லலாம். நான் சொல்றது, விலக்கு இருந்தாலும் கேட்டுருங்க, வேணாங்கிறவங்க பிள்ளைக்கு பழைய ரெஜிஸ்டர் இருக்கட்டும், அந்தப் பிள்ளையை தனியா வரிசையில நிக்க வெக்காதீங்க.

அதிகமா சிக்கல் வர்ற இடம் விக்கிற கம்பெனியோட போடுற ஒப்பந்தம்தான். அவங்க தப்பு பண்ணாலும் சட்டத்து முன்னாடி பொறுப்பு ஸ்கூலுக்குத்தான், பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம், பிள்ளைங்க விஷயத்துல கடமை தவறினா 200 கோடி வரைக்கும். அதனால முகத் தரவு எந்த சர்வர்ல இருக்கும், அவங்க சாஃப்ட்வேரைப் பழக்க நம்ம பிள்ளைங்க முகத்தை எடுத்துக்குவாங்களா (கூடாதுன்னு எழுதி வாங்கிருங்க), டி.சி. வாங்கிட்டுப் போற பிள்ளையோட தரவை எத்தனை நாள்ல அழிப்பாங்கன்னு எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. தரவு கசிஞ்சா இந்தச் சட்டத்தை அமல்படுத்துற தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பேரண்ட்ஸுக்கும் தாமதிக்காம சொல்லணும், 72 மணி நேரத்துக்குள்ள வாரியத்துக்கு முழு விவரமும் போகணும், இதையெல்லாம் யார் சொல்றதுன்னு பாலிசியில ஒருத்தர் பேர் இருக்கணும். பாஸ்வேர்ட் போனா மாத்திக்கலாம் டீச்சர், முகத்தை மாத்த முடியுமா?

மெஷின் தப்பு பண்ணும், அதையும் எழுதணும். 2018-ல ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ருன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்ற மூணு கம்பெனி சாஃப்ட்வேரை சோதிச்சாங்க, வெள்ளைத் தோல் ஆம்பளைங்களுக்கு பிழை 0.8 சதவீதத்துக்கு மேல போகல, கருப்பா இருக்குற பொம்பளைங்களுக்கு 34.7 சதவீதம் வரைக்கும் போச்சு. இப்போ சாஃப்ட்வேர் நல்லாயிருக்கலாம், ஆனா வளர்ற பிள்ளைங்க முகம் வருஷத்துக்கு வருஷம் மாறும், இரட்டைப் பிள்ளைங்க இருப்பாங்க, மொட்டை போட்டுட்டு வருவாங்க. கேமரா ஆப்சென்ட்னு சொன்னாலும் கிளாஸ் டீச்சர் சொல்றதுதான் கடைசின்னு ஒரு வரி போடுங்க. பிள்ளை கவனிக்குதா தூங்குதான்னு மூஞ்சிய வெச்சு சொல்ற ஃபீச்சர் இருந்தா அதை ஆஃப் பண்ண சொல்லிருங்க, ஐரோப்பிய யூனியன்ல ஸ்கூல்ல மூஞ்சிய வெச்சு பிள்ளைங்க உணர்ச்சியைக் கணிக்கிறதுக்கு 2025 பிப்ரவரிலேர்ந்து தடையே இருக்கு.

பாலிசி ரெண்டு பக்கம் தாண்ட வேணாம், தமிழ்ல எழுதுங்க. சட்டமே தரவு பத்தின அறிவிப்பை அரசியல் சாசனத்தோட எட்டாவது அட்டவணையில இருக்குற மொழிகள்ல படிக்கிற வசதி இருக்கணும்னு கேக்குது, தமிழ் அதுல இருக்கு. பி.டி.ஏ. மீட்டிங்ல வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க, எந்த வரியில பேரண்ட்ஸ் கேள்வி கேக்குறாங்களோ அந்த வரியைத்தான் நீங்க திருப்பி எழுதணும், அது முடிஞ்சப்புறம் கரஸ்பாண்டன்ட் சார் கையெழுத்து போட்டா போதும்.