நாவலுக்குக் காத்திருக்கத் தெரியாது

கேள்வி: பெரிய அளவில் மரம் நடுவதற்காக நாவல், வேம்பு, சரக்கொன்றை விதைகளைச் சேர்த்தோம். மூன்றையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்தோம். எட்டு மாதம் கழித்து விதைத்தால் நாவலும் வேம்பும் ஒன்றுகூட முளைக்கவில்லை. சரக்கொன்றை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. எங்கே கோளாறு?

பதில்: மூன்றுக்கும் ஒரே பக்குவம் பார்த்ததுதான் கோளாறு. நாவல் விதை காய்ந்தாலே செத்துவிடும். சதையைக் கழுவியதும் ஈரம் போவதற்குள் நாற்றங்காலில் போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் போனாலே சந்தேகம்தான்.

வேம்பு இரண்டுங்கெட்டான். பழம் மஞ்சளாகும்போது பறித்து, அன்றைக்கே சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் காற்றாட வையுங்கள். சில வாரங்களில் விதைத்துவிடுவதே நல்லது. சந்தேகம் வந்தால் நாலைந்து விதையை நறுக்கிப் பாருங்கள். உள்ளே பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறியிருந்தால் மூட்டையோடு உரக்குழிக்குப் போகலாம்.

டப்பா சரிப்பட்டு வந்தது சரக்கொன்றைக்கு மட்டும்தான். நன்கு காய்ந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். இந்த மாதிரி விதைகளில் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. அது முளைக்காததற்குக் காரணம் வேறு: பளபளவென்ற அந்தத் தோல் தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியதை மட்டும் விதையுங்கள். அப்படியே கிடப்பவற்றின் ஓரத்தில் நகவெட்டியால் லேசாகக் கீறி மறுபடி ஊறப்போடுங்கள். கந்தக அமிலத்தில் போடச் சொல்பவர்களும் உண்டு. வேலை செய்யும்தான், ஆனால் பழகாத கைகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: காய்த்துக் குலுங்கும் ஒரே மரத்திலிருந்து எல்லா விதையையும் எடுக்கலாமா?

பதில்: கூடாது. நாளைக்கு உங்கள் தோப்பு முழுக்க உடன்பிறப்புகளாகவே நிற்கும். ஒரு நோய் வந்தால் மொத்தமும் படுக்கலாம். அவை தமக்குள் கலந்து காய்த்தால் அடுத்த தலைமுறையும் நோஞ்சானாகும். ஒன்றுக்கொன்று 100 மீட்டராவது தள்ளியிருக்கும் 20, 30 மரங்களில் ஏறக்குறைய சம அளவு எடுங்கள். முதலில் உதிர்வதைப் பொறுக்காதீர்கள், பெரும்பாலும் பூச்சி துளைத்தது. அப்புறம் மரம், இடம், தேதி மூன்றையும் பென்சிலில் எழுதி பைக்குள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள். வெளியே ஒட்டியது உரிந்துவிடும்.