மாற்று இன்ஜின் வாங்கும்முன் வயரிங்கைப் பாருங்கள்

கேள்வி: அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் டிராக்டரின் இன்ஜின் பழுதாகிவிட்டதால், வேறொரு நிறுவனத்தின் இன்ஜினை வாங்க எண்ணியுள்ளேன். குதிரைத்திறனும் தண்டின் அளவும் பொருந்துகின்றன. வயர்களின் இணைப்பான் மட்டும் பொருந்தவில்லை. நிறத்துக்கு நிறம் இணைத்தால் போதும் என்கிறார் விற்பனையாளர். அதை நம்பலாமா?

பதில்: இன்ஜினை வாங்கலாம், நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனம் பேட்டரியை ஏற்றும் (சார்ஜ் செய்யும்) வயருக்குத் தரும் நிறத்தை இன்னொரு நிறுவனம் இன்ஜினை நிறுத்தும் வயருக்குத் தந்திருக்கலாம் என்பதால், ஒவ்வொரு வயரும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தே இணைக்க வேண்டும்.

மிகுந்த கவனம் வேண்டியது நிறுத்தும் வயரில்தான். இத்தகைய இன்ஜின்களில் பெரும்பாலானவை மேக்னட்டோ முறையில் இயங்குகின்றன. இன்ஜின் தண்டோடு சுழலும் கனமான சக்கரத்தின் (ஃப்ளைவீல்) காந்தமே இக்னிஷன் காயிலில் தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்குவதால், அதற்குப் பேட்டரி தேவையில்லை. இன்ஜினை நிறுத்துவதற்கு அந்தக் காயிலின் வயரை எர்த் செய்கிறோம், அதாவது இன்ஜினின் உலோக உடலோடு சேர்க்கிறோம், அவ்வளவுதான். பழைய டிராக்டர் பேட்டரி இக்னிஷன் வகையாக (தீப்பொறிக்குப் பேட்டரியின் மின்சாரத்தைப் பயன்படுத்துவது) இருந்தாலோ, சாவிச் சுவிட்ச் தவறாக இணைக்கப்பட்டாலோ, அதே வயரில் 12 வோல்ட் பாய்ந்து புதிய காயில் சாவியைத் திருப்பிய கணமே கருகக்கூடும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் சாவிச் சுவிட்சுகள் உள்ளிணைப்பில் மாறுபடும் என்பதால், மல்டிமீட்டரால் சோதித்துவிடுங்கள்: மேக்னட்டோ வகையில், சாவி அணைந்த நிலையில் நிறுத்தும் முனை எர்த்தோடு சேர்ந்திருக்கும்; ஓடும் நிலையில் எதனோடும் சேராமல் தனித்திருக்கும். இருக்கைச் சுவிட்சும் பல டிராக்டர்களில் இதே வயரைத்தான் எர்த் செய்கிறது. வெட்டும் தகடு சுழலும்போது ஓட்டுபவர் எழுந்தால் இன்ஜினை நிறுத்துவது அந்தச் சுவிட்ச்தான் என்பதால், இணைப்பு சிக்கலாகிறது என்று அதை விட்டுவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அடுத்தது பேட்டரியை ஏற்றும் பகுதி. சில இன்ஜின்கள் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாகச் சுமார் 3 ஆம்பியர் மட்டுமே தரும். சிலவற்றில், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி வோல்ட் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருடன் 15 ஆம்பியர் வரை கிடைக்கும். வெட்டும் தகட்டை மின் கிளட்ச் இயக்கும் டிராக்டராக இருந்தால் 3 ஆம்பியர் போதாது. குதிரைத்திறன் ஒன்றுதானே என்று வாங்குபவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. ரெகுலேட்டர் தேவைப்படும் இன்ஜினில் அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்தால், மாறுமின்சாரம் அப்படியே பேட்டரிக்குப் போய்ச் சேரும். ரெகுலேட்டரின் உலோக உடலும் நன்றாக எர்த் ஆகியிருக்க வேண்டும். இணைத்தபின், முழு வேகத்தில் பேட்டரி முனைகளில் சுமார் 13.5 முதல் 14.7 வோல்ட் தெரிந்தால் ஏற்றும் பகுதி சரியாக வேலை செய்கிறது.

கார்புரேட்டரின் அடியில் எரிபொருளை அடைக்கும் சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) இருந்தால், அதற்கு ஸ்டார்ட் நிலையிலும் ஓடும் நிலையிலும் 12 வோல்ட் தரும் முனையிலிருந்தே இணைப்பு கொடுங்கள். இவற்றில் ஒன்றில் மட்டும் மின்சாரம் வந்தால் இன்ஜின் பற்றாது, அல்லது பற்றியவுடன் அணைந்துவிடும்.

பணம் கொடுக்கும்முன், இன்ஜினின் மாடல் எண்ணுக்குரிய வயரிங் வரைபடத்தையும் ஆல்டர்னேட்டரின் (பேட்டரியை ஏற்றும் மின்சாரத்தை உண்டாக்கும் பகுதி) ஆம்பியர் அளவையும் விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தைத் தர இயலாதவரிடம் இன்ஜினை வாங்காமல் இருப்பதே நல்லது. தவறான வயரிங்கால் நேரும் சேதத்தை உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை, ஆகவே காயில் எரிந்தால் செலவு உங்களுடையது.

இணைக்கும் வேலை முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றப்பட்டே இருக்கட்டும். மற்ற இணைப்புகள் முடிந்தபின், நிறுத்தும் வயரை மட்டும் இன்ஜினில் செருகாமல் வைத்து, பேட்டரியை மாட்டி, சாவியை ஓடும் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் வைத்து டிராக்டர் பக்கத்து முனையில் வோல்ட் அளவைப் பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம் காட்டினால் மட்டும் செருகுங்கள்.