அபுனைவு நூல்கள் என்றால் என்ன? எதிலிருந்து தொடங்கலாம்?

நடந்ததையும் இருப்பதையும் கற்பனை கலக்காமல் எழுதுவதுதான் அபுனைவு. தன்வரலாறு, நாட்குறிப்பு, பயணநூல், வரலாறு, அறிவியல் எல்லாம் இதில் அடங்கும். ஊருக்கு வழி கேட்டால், அங்கே நடந்து போய் வந்தவர் எந்த இடத்தில் பள்ளம், எங்கே நாய் தொல்லை என்பதுவரை சொல்வார் அல்லவா? நல்ல அபுனைவில் அப்படிப்பட்ட அனுபவ அறிவு கிடைக்கும்.

நான் முதலில் சொல்வது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் பார்க்கப் போகிறார். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எல்லாவற்றையும் அடுக்குகிறார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அதுவரை அந்தப் புலவர் அதைப் படித்ததில்லை! அந்தக் கேள்விதான் ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைய வைத்து, 1887-இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தது. ஒரு மனிதரின் வாழ்க்கை எப்படித் திரும்பியது என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம். தொடராக வந்துகொண்டிருந்தபோதே 1942-இல் அவர் மறைந்ததால் நூல் பாதியில் நிற்கும்; அதனால் தயங்க வேண்டாம்.

அப்புறம், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை எழுதியது. பழைய நடை கொஞ்சம் சிரமம்தான், ஆனால் கப்பல் வரவும் போர்ச் செய்தியும் அன்றன்றே பதிவாகியிருக்கும்.

அபுனைவு என்றாலே 'வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி' வகைப் புத்தகங்கள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அவை இதில் ஒரு சின்னப் பிரிவு மட்டுமே.