தாழப் பறக்கும் பயிற்சி: உசிலம்பட்டி அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, பிளஸ் டூ முடித்த மகனைப் பைலட் படிப்புக்கு அனுப்ப முடிவு செய்த பிறகு, "தாழப் பறக்கவும் சொல்லித் தருவாங்களாம்" என்று அவன் சொன்னதிலிருந்து தூக்கமில்லை என்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் அந்தப் பாடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மழையும் மேகமும் இறங்கி வந்து, வேறு வழியில்லாமல் தாழ வர வேண்டிய நாள் எந்த விமானிக்கும் வரலாம். அன்றைக்குப் போய்க் கற்றுக்கொள்ள முடியாது.

செஸ்னா 172 மாதிரி பயிற்சி விமானத்தில் 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால், யோசித்து இறங்க நான்கு நிமிடம் கிடைக்கும். 500 அடியில் முக்கால் நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. அதனால் தாழப் பறக்கும்போது, இறங்கத் தோதான வயல் எது என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நல்ல பயிற்சி உயரத்தில்தான் தொடங்கும். முதலில் 3,000 அடிக்கு மேல் மெதுவாகப் பறப்பது, இறக்கை தாங்குதிறனை இழக்கும் 'ஸ்டால்' நிலையை அறிந்து மீள்வது. அது கைவந்த பிறகுதான் 1,000 அடி, அப்புறம் 500 அடி, அதுவும் பயிற்றுநர் பக்கத்தில் இருக்க. விமானத்தை 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகுமோ அது, 7 சதவீதம்தான் கூடும். 60 டிகிரி சாய்த்தால் 41 சதவீதம். தாழத்தில் மென்மையாகத் திருப்பச் சொல்வது இதனால்தான்.

மாணவர்கள் அதிகம் ஏமாறுவது காற்றிடம். ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் காற்று உங்களுக்குத் தெரியும். அது முதுகில் தள்ளும்போது தென்னந்தோப்புகள் விறுவிறுவென்று பின்னால் ஓடும். 'வேகம் அதிகமாகிவிட்டது' என்று நினைத்து மாணவன் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் குறைப்பான். உண்மையில் இறக்கைமேல் பாயும் காற்றின் வேகம் கூடியிருக்காது. குறைத்ததும் ஸ்டாலை நெருங்கிவிடும். எதிர்க்காற்றிலிருந்து காற்று முதுகில் படும்படி திரும்பும்போது விமானம் உள்பக்கமாகச் சறுக்குவதுபோலத் தோன்றும். அதைச் சரிசெய்ய அதே பக்கத்து ரடரை (வால் சுக்கானை அசைக்கும் பெடல்) மிதித்தால் ஒரு இறக்கை முதலில் விழும். 500 அடியில் அதிலிருந்து மீள இடமில்லை. தரையை நம்பாதே, வேகமானியையும் சறுக்கல் காட்டும் குண்டையும் பார் என்று பயிற்றுநர் விடாமல் சொல்ல வேண்டும்.

அடுத்தது மின்கம்பி. உயரழுத்தக் கோபுரங்களின் உச்சியில் போகும் பாதுகாப்புக் கம்பி, கீழே உள்ளவற்றைவிட மெல்லியது. தடித்த கம்பிகளைப் பார்த்து மேலே எழும்புகிறவர் அதில் மாட்டுவார். அதனால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் கடக்காமல், கண்ணுக்குத் தெரியும் கோபுரத்துக்கு மேலாகவே கடக்க வேண்டும். சிறுமலை, நாகமலை போன்ற தொடர்களில் காற்று மறையும் பக்கத்தில் காற்று கீழ்நோக்கி அமுக்கும். நேராக மோதுவதுபோல் போகாமல் 45 டிகிரி கோணத்தில் பக்கவாட்டாக நெருங்கினால், விலகித் திரும்புவது எளிது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மதுரை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 500 அடிக்குள்தான். ஆனால் மே மாதம் 40 டிகிரி வெயிலில் காற்று லேசாகி, விமானம் 3,500 அடியில் இருப்பதுபோல் மந்தமாக ஏறும். காலைப் பயிற்சியே நல்லது.

பள்ளிக்கு நேரில் போய்க் கேளுங்கள்: தாழப் பறக்கத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்களா? அங்குள்ள கம்பி, டவர், காற்றாலைகளைக் குறித்த வரைபடம் இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? மாணவன் தனியாகப் பறக்குமுன் யார் கையெழுத்துப் போடுகிறார்? "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் வேறு பள்ளி பாருங்கள்.

மகனிடம் ஒரு வாக்கு வாங்குங்கள்: நம் ஊர்மேல் தாழ வந்து காட்ட மாட்டேன் என்று. கண் வீட்டு மாடியில் நிற்பவர்மேல் இருக்கும். அவர்களைச் சுற்றிச் சுற்றி இறுக்கமாகத் திரும்புவான். வேகம் குறைவதை யார் பார்ப்பார்? மேலே சொன்ன அத்தனை ஆபத்தும் அந்த ஒரு சுற்றில் சேரும். அது விதிமீறலும்கூட, ஊர்மேல் பறந்தால், 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள உயரமான தடையிலிருந்து 1,000 அடி இடைவெளி வேண்டும். கடைசியாக ஒன்று: பணம் கட்டுமுன், பைலட் மாணவருக்கு வேண்டிய கிளாஸ் 2 மருத்துவச் சான்றை முதலில் எடுத்துவிடுங்கள்.