'டிஸ்டார்ட்' என்று எழுதும் முன்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, உண்மையைத் திரிப்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டிஸ்டார்ஷன் ஆஃப் தி ட்ரூத்' சரியா, 'டிஸ்டார்ஷன் இன் தி ட்ரூத்' சரியா?

பதில்: 'ஆஃப்'தான். எது திரிக்கப்பட்டதோ அதற்கு முன் 'ஆஃப்' போடுங்கள். கோளாறு எங்கே தென்படுகிறது என்று சொல்லத்தான் 'இன்': ஒலிபெருக்கி கரகரத்தால் 'டிஸ்டார்ஷன் இன் தி சவுண்ட்'.

கேள்வி: ஒருவர் அப்பட்டமாகப் பொய் சொன்னார். 'ஹி டிஸ்டார்ட்டட் தி ஃபேக்ட்ஸ்' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அவர் செய்தது சரி. முறுக்குவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. 'டார்ச்சர்' (சித்திரவதை), முறுக்குவிசையைக் குறிக்கும் 'டார்க்' (torque) எல்லாம் அதே வேர். முறுக்க ஒரு பொருள் முதலில் கையில் இருக்க வேண்டுமல்லவா? கூட்டத்துக்கு நூறு பேர் வந்திருக்க, யாருமே வரவில்லை என்பது பொய். இருபது பேர் பாதியில் எழுந்து போனதை மட்டும் எழுதி, எண்பது பேர் கடைசிவரை இருந்ததை விட்டுவிடுவதுதான் டிஸ்டார்ஷன். எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. படிப்பவர் மனத்தில் பதிவது மட்டும் தவறு. மேற்கோளும் அப்படியே. சொற்களை மாற்றினால் 'மிஸ்கோட்'. ஓர் எழுத்தும் மாற்றாமல், முன்பின் வரிகளை வெட்டியே பொருளைத் திரிக்கலாம். இது கடுமையான குற்றச்சாட்டு. உண்மை நிலவரம் இன்னதென்று உங்களால் காட்ட முடியாவிட்டால், ஒருவர் மீது இந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

கேள்வி: 'ப்ளோ அவுட் ஆஃப் ப்ரபோர்ஷன்' என்பதும் இதே பொருள்தானே?

பதில்: இல்லை. அது ஊதிப் பெரிதாக்குவது மட்டும். சின்னதாக்கிக் காட்டினாலும் டிஸ்டார்ஷன்தான், ஆனால் அங்கே 'ப்ளோ' வராது. செயப்படுபொருளை நடுவில் வையுங்கள்: 'ப்ளோ தி இஷ்யூ அவுட் ஆஃப் ப்ரபோர்ஷன்'. தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்றால் 'அவுட் ஆஃப் ப்ரபோர்ஷன் டு தி அஃபென்ஸ்'. இந்த 'டு'வை விட்டு 'வித்' எழுதுபவர்களும் உண்டு; 'டு' என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கேள்வி: முகத்தைக் கோணலாகக் காட்டும் கண்ணாடி 'டிஸ்டார்ட்டட் மிரர்'தானே?

பதில்: 'டிஸ்டார்ட்டிங் மிரர்'. கோணலாக்குவது கண்ணாடி, கோணலாவது பிம்பம். ஆகவே 'டிஸ்டார்ட்டட் இமேஜ்'.

கேள்வி: அலுவலக அறிக்கையில் 'பென்ட் அவுட் ஆஃப் ஷேப்' வரலாமா?

பதில்: கம்பி வளைந்திருந்தால் தாராளமாக. ஆளைப் பற்றியென்றால் எரிச்சலடைந்தார் என்று பொருள்படும் அமெரிக்கப் பேச்சுவழக்கு அது. அறிக்கையில் 'அப்செட்' போதும்.