நாயைத் தேட ஊரே கிளம்பலாம், துரத்த மட்டும் யாரும் வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்

தீபாவளி முடிந்த கையோடு வந்த கடிதங்களில் காணாமல் போன நாய்களைப் பற்றியவைதான் அதிகம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எதிர் வீட்டில் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். எங்கள் பிரவுனி (நாட்டு நாய், பெண், நாலு வயது) கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். தெருப் பையன்கள் எல்லாரும் பைக்கில் தேடுகிறார்கள். இரண்டு தடவை கண்ணில் பட்டாள், ஆனால் எங்களைப் பார்த்தே ஓடுகிறாள். எங்களை மறந்துவிட்டாளா?

மறக்கவில்லை அம்மா, அந்தக் கவலையை முதலில் விடுங்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாய்க்கு 45,000 வரை கேட்கும். அந்தக் காதில் பத்தாயிரம் வாலா விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மிரட்சியில் இருக்கும் நாய்க்குத் தன்னை நோக்கி வருகிற எல்லாமே ஆபத்துதான், பெற்ற பிள்ளைபோல வளர்த்தவர்கள் வந்தாலும் சரி. முகத்தையும் குரலையும் அது அப்போது நம்பாது, மோப்பத்தைத்தான் நம்பும். நீங்கள் ஓடிப்போய்க் கூப்பிடும்போது உங்கள் வாசனை போய்ச் சேருவதற்கு முன்னால் அவள் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறாள்.

அதனால் இன்றைக்கே பைக்குகளை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பையன்களின் அக்கறையைக் குறைத்துச் சொல்லவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறை துரத்தும்போதும் அவள் தனக்குப் பழக்கமான இடத்தை விட்டு வெளியே போகிறாள். அங்கே அந்தத் தெரு நாய்கள் உள்ளே விடாது, குரைத்து விரட்டும். அவை விரட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவாள். இப்படிப் போய்ப் போய்க் கடைசியில் ஜி.எஸ்.டி. ரோட்டிலோ ரயில் பாதையிலோ போய் நிற்பாள். நல்ல உடம்போடு இருக்கிற நாய் சாப்பாடு இல்லாமல் பல நாள் தாக்குப்பிடிக்கும், தண்ணீரும் இந்த மழைக்காலத்தில் எங்கேயும் கிடைக்கும். உயிருக்கு ஆபத்து பசியால் இல்லை, வண்டிகளால்தான்.

சரி, அத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தேடுவதற்குப் பதிலாகச் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ரெண்டு தெரு பிரித்துக்கொண்டு, ஊர் தூங்கும் நேரத்தில் தெருவில் இருப்பவர்களைப் பார்க்கட்டும்: விடியற்காலை பால் பாக்கெட் போடுகிறவர்கள், பேப்பர் போடும் பையன்கள், தூய்மைப் பணியாளர்கள், வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள், ஆட்டோ ஸ்டாண்டில் ராத்திரி சவாரிக்குக் காத்திருப்பவர்கள், அடுக்குமாடி வாசலில் காவலுக்கு இருப்பவர்கள், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் எச்சில் இலை எடுக்கிறவர்கள். மிரண்ட நாய் பகலெல்லாம் நின்றிருக்கும் வண்டிக்கு அடியிலோ, பாதி கட்டிய வீட்டிலோ, ஏரிக்கரைப் புதரிலோ பதுங்கிவிட்டு, நடமாட்டம் அடங்கிய பிறகுதான் வெளியே வரும். நாம் பகலில் தேடுகிறோம், அது ராத்திரியில் நடமாடுகிறது. அந்த நேரத்து மனிதர்கள்தான் அதைப் பார்ப்பார்கள்.

எல்லாரையும்விட முக்கியமானவர்கள் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறவர்கள். உங்கள் பகுதியிலும் ஒருவராவது இருப்பார், பத்து மணிக்கு மேல் ஸ்கூட்டி முன்னால் வாளியை வைத்துக்கொண்டு, கோழிக்கால் போட்டு வேகவைத்த சோற்றைத் தெருமுனைக்குத் தெருமுனை வைத்துவிட்டுப் போவார். எந்த மூலையில் எத்தனை நாய், எது குட்டி போட்டது, எது கருத்தடை அறுவை சிகிச்சை ஆகி அடையாளத்துக்குக் காது வெட்டப்பட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புது முகம் ஒன்று தள்ளி நின்று பார்த்தால் அன்றைக்கே அவர் கண்ணில் பட்டுவிடும். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

இவர்கள் எல்லாரிடமும் ஒரே விஷயம்தான் சொல்ல வேண்டும்: பார்த்தால் கூப்பிட வேண்டாம், கிட்டே போக வேண்டாம், பிஸ்கட் காட்ட வேண்டாம். முடிந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போனாள் என்று பார்த்து உடனே போன் பண்ணட்டும். வருகிற ஒவ்வொரு தகவலையும் இடம், நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே இடத்தில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முறை தென்பட்டாள் என்றால் அங்கேதான் தங்கியிருக்கிறாள்.

அப்புறம் ஒரே ஒருவர் போனால் போதும். வீட்டில் அவள் யார் காலடியில் படுப்பாளோ அவர் போகட்டும், துவைக்காத சட்டையோடு, விடியற்காலையில். எதிரே நின்று பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரவென்று பிரித்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலிலேயே எதையாவது பேசிக்கொண்டிருக்கட்டும். முதலில் தூரத்தில் நின்று காற்றை மோந்து பார்ப்பாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருவாள். பின்னங்கால் ரெண்டும் ஓடத் தயாராக அங்கேயே ஊன்றியிருக்கும், உடம்பு மட்டும் நீண்டு மூக்கு உங்கள் செருப்பு வரை வரும். அந்த நேரத்தில் கையை நீட்டிப் பிடிக்கப் போனால் காரியம் கெட்டது. அவளே வாலை ஆட்டி மடியில் ஏறும்வரை பொறுங்கள். ஏறியதும் நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டையை மாட்டுங்கள், உருவிக்கொண்டு போன அதே கழுத்துப் பட்டையை நம்ப வேண்டாம்.

போஸ்டர் விஷயம் ஒன்று. பெரிய போட்டோ ஒன்று, போன் நம்பர் ஒன்று, 'துரத்த வேண்டாம், போன் செய்யுங்கள்' என்று ஒரு வரி, இவ்வளவு போதும். தமிழோடு இந்தியிலும் போடுங்கள். காவலுக்கு இருப்பவர்களிலும் கட்டட வேலை செய்கிறவர்களிலும் வடமாநிலத்தவர் நிறைய இருக்கிறார்கள், பிரவுனி ஒளிந்திருக்கக்கூடிய இடங்களில் ராத்திரி தங்குவதும் அவர்கள்தான். சன்மானத் தொகையை எண்ணில் போட வேண்டாம், போட்டால் பிடிப்பதற்கென்றே துரத்துவார்கள். தாம்பரம் மாநகராட்சியில் சொல்லிவிடுங்கள், நாய்பிடி வண்டியில் ஏறியிருந்தால் அங்கே தெரியும். பல்லாவரம் தாண்டி மீனம்பாக்கம் வந்துவிட்டால் சென்னை மாநகராட்சி, அதற்கு 1913. கிண்டியில் வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்திலும் நேரில் போய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், போனில் அடையாளம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் லேப்ரடாரைக் காணோம். ஒருவர் போன் செய்து, நாய் தன்னிடம் இருக்கிறது, முதலில் ஜிபேயில் பத்தாயிரம் அனுப்பினால்தான் இடம் சொல்வேன் என்கிறார். அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். இப்போதே வீடியோ காலில் நாயைக் காட்டச் சொல்லுங்கள். போஸ்டரில் போடாத ஓர் அடையாளத்தைக் கேளுங்கள், வயிற்றில் தழும்போ காலில் வெள்ளைத் திட்டோ ஏதாவது இருக்குமல்லவா. உண்மையிலேயே வைத்திருப்பவர் காட்டிவிடுவார், ஏமாற்றுகிறவர் கோபப்படுவார். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குச் சொல்லுங்கள். யாரோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று சந்தேகம் இருந்தால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது வாங்கி வையுங்கள். பிறகு நாயை யார் வீட்டிலாவது கண்டுபிடித்தால் அந்தத் தாள் உதவும்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: மைக்ரோசிப் போட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் தெரியுமா?

தெரியாது தம்பி. அதில் பேட்டரியே கிடையாது. அரிசி அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே 15 இலக்க எண், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள். ரீடரைக் கிட்டே கொண்டுபோய் வைத்தால்தான் எண் வரும், அந்த எண்ணோடு உங்கள் போன் நம்பர் பதிவாகியிருந்தால்தான் உங்களுக்கு அழைப்பு வரும். அதாவது நாயை யாராவது பிடித்து, மருத்துவரிடம் கொண்டுபோன பிறகுதான் சிப்புக்கு வேலை. அப்படியும் கட்டாயம் போட வேண்டியது, ஏனென்றால் பட்டை கழன்றுவிடும், சிப் கழலாது. எங்கே இருக்கிறது என்று காட்ட ஜி.பி.எஸ். பட்டை தனியாக விற்கிறார்கள், அதற்குச் சார்ஜ் போட மறக்கக் கூடாது.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: இரண்டு மாதம் ஆகிவிட்டது. இனி தேடுவதில் அர்த்தம் இருக்கிறதா? வீட்டில் எல்லாரும் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டாரும் படிக்கட்டும். 2023 நவம்பரில் ஒரு ஜோடி அங்கே ஸ்டோக்ஸ் பே என்ற கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியது. மீன்பிடிக்கப் போன நேரத்தில், அடைத்துவைத்திருந்த வேலரி என்ற குட்டி டாஷண்ட் தப்பிவிட்டாள். நாலு கிலோகூட இருக்குமோ என்னமோ, கட்டைக்கால் நாய், வீட்டுக்குள் கொஞ்சிக் கொஞ்சி வளர்ந்தது. தீவோ 4,400 சதுர கிலோமீட்டர், காடும் புதரும் நிறைய. சில நாள் தேடிவிட்டு அவர்கள் மனம் உடைந்து ஊருக்குத் திரும்பினார்கள். மாதக்கணக்கில் தகவல் இல்லை. அப்புறம் தீவுக்காரர்கள் அங்கொருவர் இங்கொருவராக, பிங்க் பட்டை போட்ட குட்டி நாய் ஒன்றைப் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள், அதுவும் காணாமல் போன இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி.

கங்காலா என்ற உள்ளூர் வனவிலங்கு மீட்புக் குழு அதைக் கையில் எடுத்துக்கொண்டது. மனிதர்களையோ வண்டியையோ கண்டாலே ஓடுகிற நாயை எப்படிப் பிடிப்பது? துரத்தவில்லை. கேமரா வைத்தார்கள், தீனி வைத்தார்கள், கூண்டுக்குள் அவளுடைய பழைய படுக்கையையும் பொம்மைகளையும் வைத்தார்கள். வளர்த்த பெண் போட்டிருந்த சட்டையை வரவழைத்து, அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டு வாசனைத் தடம் உண்டாக்கினார்கள். தன்னார்வலர்கள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைத்து, 5,000 கிலோமீட்டர் சுற்றி, 2025 ஏப்ரலில் அவள் கூண்டுக்குள் வந்து நிதானமாகப் படுத்த பிறகுதான் கதவை மூடினார்கள். 529 நாள். எடை கூடிப் போயிருந்தாள்!

அதே முறையை நம் ஊரில் அப்படியே செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வெட்டவெளியில் தீனி வைத்தால் தெரு நாய்கள்தான் முதலில் வரும், சண்டையில் உங்கள் நாய் இன்னும் தள்ளிப் போய்விடும். அதனால் வைப்பதானால் அவள் பதுங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கேட் போட்ட காலி மனைக்குள், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு வையுங்கள். சட்டைத் துணியும் சொல்லிவைத்த மனிதர்களும் இங்கேயும் பலிக்கும். இரண்டு மாதத்தில் போஸ்டர் மழையில் கிழிந்திருக்கும், திரும்ப ஒட்டுங்கள். நாய் செத்துவிட்டது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதபோது விட்டுவிடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு வெள்ளை நாய் வந்திருக்கிறது. மூக்கு ரோஸ் நிறம், கழுத்தில் அறுந்த கயிறு. பாதிப் பேர் சோறு வைக்கிறார்கள், பாதிப் பேர் விரட்டச் சொல்கிறார்கள்.

விரட்டாதீர்கள் ஐயா, யார் வீட்டிலோ தேடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ராஜபாளையமாக இருக்கலாம், 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்ட இனம். வெள்ளையாகப் பிறக்கிற அந்த இனத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை, அதனால் கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் முரடு என்று முடிவுகட்ட வேண்டாம், பின்பக்கமாகப் போய்த் தொடவும் வேண்டாம். தண்ணீரும் சோறும் ஒரே இடத்தில், ஒரே ஆள் வைக்கட்டும். பழகிய பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் சிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படம் போட்டுத் தகவல் பரப்பும்போது ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்துவையுங்கள், உரிமை கேட்டு வருகிறவர் அதைச் சொல்லட்டும். இடையில் யாரையாவது கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: ஒரு நாய்க்காகத் தெருவே கிளம்ப வேண்டுமா? எனக்கு நாய் என்றாலே பிடிக்காது.

கிளம்ப வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். மிரண்டு ஓடுகிற நாய் டூவீலருக்குக் குறுக்கே விழுந்தால் அடிபடுவது மனிதரும்தான், அதனால் அது சீக்கிரம் வீடு சேர்வது உங்களுக்கும் நல்லது. இன்னொன்று, நாய் தேடுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: நாய் பிடிக்காதவர்களிடம் முதலில் போய்க் கேளுங்கள். தெருவில் புது நாய் வந்தால் நாய்ப் பிரியர்களுக்குக்கூட உடனே தெரியாது, பயப்படுகிறவர்கள் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள். அதனால் உங்கள் தெருவில் யாராவது போஸ்டரோடு வந்தால் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் டைகர் கிடைத்துவிட்டான்! இனி என்ன செய்ய வேண்டும்?

ரொம்ப சந்தோஷம். முதல் நாளே கறியும் சோறும் வயிறு முட்டப் போட்டு விடாதீர்கள், பல நாள் பட்டினி கிடந்த வயிறு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுங்கள். குளிப்பாட்டுவதையும் ஒரு நாள் தள்ளிப்போடலாம். காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள், வேறு நாய்களோடு சண்டை போட்ட காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டி ரேபிஸ் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். கொஞ்ச நாளைக்குக் கேட் எப்போதும் சாத்தியிருக்கட்டும், ஒரு முறை ஓடிய நாய் அடுத்த சத்தத்துக்கும் ஓடும். சொல்லிவைத்த எல்லாருக்கும் கிடைத்துவிட்டான் என்று போய்ச் சொல்லிவிட்டு, ஒட்டிய போஸ்டர்களை நீங்களே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து ஒரு வீட்டில் நாய் காணாமல் போகும்போது புதுப் போஸ்டரை யாரும் பார்க்க மாட்டார்கள்.